நான் பிரித்த கறுப்புத் தையல்

பீரங்கி குத்துற சத்தம் கேட்கிறது. கோட்டைப் பக்கம். ஒன்று. உடனே இன்னொன்று.

"கிடவுங்கோ! நிலத்திலை கிடவுங்கோ!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. நான் ஒழுங்கையில் குப்புறக் கிடக்கிறேன். வாய்க்குள் மண். ஈர மண். செல் தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போகிறது. கூவினால் பயப்படாதே என்று அண்ணை சொல்லித் தந்திருக்கிறான். கூவிக்கொண்டு போவது வேறு யாருக்கோ. கூவல் நடுவில் அறுந்தால் அது எங்களுக்கு.

யாழ்ப்பாணம், 1987. ஐப்பசி. தீபாவளிக்கு இன்னும் சில நாட்கள். நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்குத் தீபாவளி இல்லை, ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வரும். அந்த வருஷம் பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

என் நெஞ்சுக்குக் கீழே ஒரு துணி. வெள்ளைத் துணி. மண்ணில் படாமல் இருக்க அதன் மேல் கிடக்கிறேன். அம்மா பின்னிய பீடத்து விரிப்பு. அண்ணைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்தால் மாதா கோயில் பீடத்துக்குத் தன் கையால் விரிப்புப் பின்னித் தருவதாக அம்மா நேர்த்தி வைத்தா. பிறந்தது. ஸ்ரெலா. எட்டு மாதம். விரிப்பும் முடிந்துவிட்டது. தோய்த்து, கஞ்சி போட்டு, வீட்டுக் கொடியில் காயவிட்டிருந்தது. அதற்குள் செல்லடி தொடங்கியது. எல்லோரும் கோயில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். விரிப்புக் கொடியிலேயே கிடந்தது.

செல்லடி ஓய்ந்த நேரம் பார்த்து அம்மா என்னை அனுப்பினா. நேர்த்தித் துணி மண்ணில் விழக்கூடாது. வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அண்ணை வேண்டாம் என்றான். அண்ணி பிள்ளையின் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தா. அவ்வளவு சனத்துக்குள் கண்ணூறு பட்டுவிடும் என்று. தங்கச்சி றோசலின் தானும் வருகிறேன் என்று எழும்பினாள். அம்மா அவளை இழுத்து இருத்தினா.

எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன். பள்ளிக்கூடத்து வாசல் படலை தெரிகிறது. அண்ணை என்னைத் தேடிப் படலைக்கு வந்து நிற்கிறான்.

"ஓடாதை! திரேசா, ஓடாதை! கிட!"

கிடந்தேன். கூவல் அறுந்தது.

பிறகு காதுக்குள் ஒரு நீண்ட ரீங்காரம். வேறு சத்தமே இல்லை. எழும்பினேன். படலை இருந்த இடத்தில் படலை இல்லை. கூரை இல்லை. ஓட்டுத் தூசி சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா சுவரோடு. தங்கச்சி அம்மாவின் மடியில். அண்ணி பிள்ளைக்கு மேல் கவிழ்ந்தபடி. பிள்ளையைத் தூக்கினேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கன்னத்துப் பொட்டு அழியவில்லை. மூச்சும் இல்லை.

பங்குச் சுவாமி வந்தார். அவருடைய அங்கியெல்லாம் தூசி. கையை நீட்டினார். விரிப்பைக் கொடுத்தேன். பீடத்தில் விரிக்கவேண்டியதில் பிள்ளையைச் சுற்றினார்.

செல் அடித்தது இந்திய ஆமி. அமைதி காக்க வந்தவர்கள். சில மாதத்துக்கு முன்னர்தான் பூமாலை போட்டு வரவேற்றோம். றோசலின் றோட்டோரம் நின்று கொடி ஆட்டினாள். வேலியே பயிரை மேய்ந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சொல்ல ஆள் மிஞ்சிய வீடுகளில் சொன்னார்கள்.

இதை மொன்றியலில் இருந்து எழுதுகிறேன். பியர்பொன்ட்ஸ். வரிசை வீடுகளில் ஒன்று. வெளியில் பனி. பனி அள்ளும் வண்டிக்கு முன்னால் ஒரு சைரன் வண்டி வருகிறது. காரை எடு, காரை எடு என்று அது கத்துகிறது. எனக்குக் காரே கிடையாது. ஆனாலும் அது கத்தும்போது எழும்பிப் போய்ச் சுவரோடு நிற்கிறேன். எந்தக் கூவலுக்கும் முப்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான் நிற்கிறேன்.

எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி எழுதுகிறவர்கள் கடைசியில் அழுது, ஆறி, மன்னித்து முடிப்பார்கள். அதை எதிர்பார்த்து வாசிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பக்கத்து வீடு சுரிந்தருடையது. பஞ்சாபி. என் வயதுதான். சபனல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். அவள் மெஷினில். நான் செக்கர். தைத்து முடிந்த உடுப்பில் பிழை பிடிப்பது என் வேலை. நூல் நிறம் மாறியிருக்கிறதா, தையல் கோணியிருக்கிறதா, ஓர் இழை தவறியிருக்கிறதா. கண்டால் அந்த இடத்திலேயே பிரித்துப் போடுவேன். மற்றப் பெண்கள் எனக்குப் பின்னால் நின்று திட்டுவார்கள். சுரிந்தர் முகத்துக்கு நேரே திட்டுவாள். அப்படித்தான் சிநேகிதமானோம். பதினொரு வருஷத்துக்கு முன், பக்கத்து வீடு விலைக்கு வருகிறது என்று எனக்குச் சொன்னவளும் அவள்தான். இப்போது இரண்டு பேருக்கும் ஓய்வு.

நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, மிச்சம் கை. இங்கே எல்லாவற்றையும் என் தமிழில் எழுதுகிறேன். அவள் வாயிலும் யாழ்ப்பாணம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் சுரிந்தர் ஒரு துணிக்கட்டோடு வந்தாள். அவிழ்த்தாள். செங்கல் நிறக் கதர். அதில் வரிசை வரிசையாக வாசல்கள், மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமாக. ஒவ்வொரு வாசலுக்குள்ளும் ஓர் ஆள். முறுக்காத பட்டு நூல். விளக்கைப் போட்டதும் துணி முழுக்க மினுங்கியது. தர்ஷன் த்வார் என்றாள். தரிசன வாசல் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம். நேர்த்தி வைத்து இப்படி ஒரு துணி தைப்பார்கள், பலித்தால் அவர்கள் கோயிலான குருத்துவாராவுக்குக் கொடுப்பார்கள். அவளுடைய அம்மா வைத்த நேர்த்தி. அம்மா தைத்துக்கொண்டே இருந்து, கடைசி வரிசை முடியுமுன் கண்ணை மூடிவிட்டா. துணி சுரிந்தரோடு கனடாவுக்கு வந்து பெட்டிக்குள் கிடந்தது. இப்போது சுரிந்தருக்குச் சீனி வருத்தம். கண் மங்கிவிட்டது. இழை எண்ண முடியவில்லை.

"உன்ரை கண்ணிலை பிழை தப்பாது. நீதான் முடிச்சுத் தரவேணும். சித்திரையிலை வைசாக்கித் திருநாள். அண்டைக்குக் கொடுக்கவேணும்," என்றாள்.

"என்ன நேர்த்தி?" என்று கேட்டேன்.

"தம்பி சுகமாய் வீடு வந்ததுக்கு."

ஏதோ பெரிய வருத்தத்திலிருந்து எழும்பியிருப்பார் என்று நினைத்தேன். நேர்த்தி என்றால் எனக்குத் தெரியும். என் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

அவளுடைய தம்பி பல்பீரை எனக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் லொறி ஓட்டியவர். வெள்ளைத் தாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவார். நான் இருந்தால் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். நான் கொடுத்துவிட்ட வடையில் ஒன்றும் அவர் தொட்டதில்லை என்று சுரிந்தர் சொல்லுவாள். பொம்பிளைகளோடு கதைக்கக் கூச்சம் என்று நாங்கள் சிரிப்போம்.

தை, மாசி இரண்டு மாதமும் தைத்தேன். இந்த வேலை முழுக்கத் துணியின் பின்பக்கத்தில். இழை எண்ணி, ஊசி குத்தி, மறுபடி எண்ணவேண்டும். முன்பக்கம் என்ன உருவாகிறது என்று தைக்கிறவளுக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இரண்டு மாதம் சைரனுக்கு நான் எழும்பவில்லை.

பங்குனி தொடக்கத்தில் கடைசி வரிசை முடிந்தது. முடிந்ததும் பழைய புத்தி வந்தது. துணியை மேசையில் விரித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இரண்டாம் வரிசை. ஏழாம் வாசல். அம்மா தைத்த பகுதி. உள்ளே நிற்கிற ஆளின் நெஞ்சில் மஞ்சளுக்குப் பதிலாகக் கறுப்பு நூல். அதுவும் கோணல். இழை தவறியிருந்தது. இவ்வளவு சுத்தமாகத் தைத்த மனுசிக்கு அந்த இடத்தில் கண் தெரியாமல் போயிருக்கும், பாவம் என்று நினைத்தேன். பிரிக்கும் கத்தியை எடுத்தேன். கறுப்பைப் பிரித்தேன். மஞ்சளால் நிரப்பினேன். பழைய நூலின் மங்கலுக்குப் பொருந்துகிற மஞ்சளாகத் தேடி எடுத்து நிரப்பினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சுரிந்தர் கண்டுபிடித்தாள். கண் மங்கியவள். துணியைக் கையால் தடவிக்கொண்டு போனவள் ஏழாம் வாசலில் நின்றாள். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கறுப்பு எங்கை?"

"பிழை இருந்தது. திருத்திப்போட்டன்."

அவள் கத்தினாள். தொழிற்சாலையில் ஒருத்தியின் விரலில் ஊசி ஏறிய நாளில்கூட அவள் அப்படிக் கத்தவில்லை. பிறகு கதிரையில் இருந்தாள். மூச்சு வாங்கியது.

"அது பிழையில்லை. அம்மா வைச்ச பொட்டு. கண்ணூறு படாமல் வைக்கிறது. தம்பி லங்காவிலை ஆமியிலை நிண்ட நேரம் வைச்சது. ஒரு குண்டும் அவனிலை படக்கூடாதெண்டு அழுதழுது வைச்சவ. இத்தனை வருஷமாய் ஒருத்தரும் அதிலை கை வைக்கேல்லை."

"எந்த லங்கா?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது. உலகத்தில் எத்தனை இலங்கை இருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள். தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"உன்ரை லங்காதான்," என்றாள்.

துணி என் மடியில் கிடந்தது. அதில் ஒரு வரிசை முழுக்க என் கை. அமைதி காக்க வந்தவன் சுகமாய் வீடு திரும்பியதற்கு, அவன் செல்லில் குடும்பத்தைக் கொடுத்தவள் இழை எண்ணி நன்றித் துணி தைத்திருக்கிறேன். பிரித்த கறுப்பு நூல் மேசையில் சுருண்டு கிடந்தது. அவனைக் காத்த பொட்டை முப்பத்தெட்டு வருஷம் பிந்திப் பிரித்தேனே என்று ஒரு நினைப்பு வந்தது. ஆமாம், வந்தது. மறைக்க மாட்டேன். துணியை மேசையில் போட்டேன். சப்பாத்தின் நாடாவைக்கூடக் கட்டாமல் என் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறக்கவில்லை. சுரிந்தர் றொட்டி கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பெட்டி பனியிலேயே இருந்தது. அடுத்த நாளும் வைத்தாள். அதுவும் இருந்தது. லொங்குய்யில் இருக்கும் மகள் ஷாலினிக்குப் போனில் சொன்னேன். அவள் இந்த ஊரில் பிறந்தவள்.

"அம்மா, அது பழைய கதை. விடுங்கோ. அந்த அன்ரியும் பாவம்தானே," என்றாள்.

எல்லோரும் பாவம். கட்டளை போட்டவன் பாவம், சுட்டவன் பாவம், சுட்டவனின் அக்கா பாவம். செத்தவர்கள் மட்டும் பழைய கதை. ஞாயிறு பூசை முடிந்து எங்கள் பங்கில் ஒருவரிடம் இதை எழுதப்போகிறேன் என்றேன். படித்தவர். எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறவர். குரலைத் தாழ்த்தி, "இந்தியாவைப் பற்றி ஒண்டும் எழுதாதையுங்கோ அக்கா, நாளைக்கு அவையள் எங்களுக்குத் தேவை," என்றார். என் அம்மாவும் எனக்குத் தேவையாக இருந்தா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் சுரிந்தர் கதவைக் கையால் அடித்தாள். திறந்தேன். கோட்டுப் போடாமல் நின்றாள்.

"பொட்டைத் திரும்ப வை. பிரிச்சவள் நீ. அது இல்லாமல் கொடுக்கேலாது. வைசாக்கி முடியத் தம்பிக்கு நெஞ்சிலை ஒப்பரேஷன். நேர்த்தி கொடுக்காமல் கிடக்கிறபடியால்தான் அவனுக்கு ஒண்டும் சரிவரேல்லை. கட்டின மனுசி விட்டிட்டுப் போட்டாள். நித்திரை இல்லை. இப்ப நெஞ்சு. அவன் மேசையிலை கிடக்கேக்கை அந்தப் பொட்டு அந்த இடத்திலை இருக்கவேணும்."

"பொட்டு வைச்ச பிள்ளையும் செத்தது," என்றேன்.

அப்போதுதான் சொன்னேன். படலை, விரிப்பு, கன்னம், பொட்டு. இத்தனை வருஷச் சிநேகிதத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை. செல்லடியில் போய்விட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். யார் செல் என்று சொன்னதில்லை. சுரிந்தர் என் மாடிப்படியில் இருந்துவிட்டாள்.

"நீ சொல்லவேயில்லை."

"நீ கேக்கவேயில்லை."

பிறகு சொன்னேன், "உன்ரை தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. அவர் வந்து என்னட்டைக் கேக்கட்டும். பிறகு யோசிக்கிறன்."

ஞாயிறு பின்னேரம் பல்பீர் வந்தான். இதுவரை அவர் என்று எழுதினேன். இனி முடியாது. வந்தவன் இருக்கவில்லை. சுவர்ப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மாதா படம்.

"நான் சுடேல்லை. லொறிதான் ஓட்டினனான்."

"லொறியிலை என்ன?"

"பெட்டி."

"பெட்டிக்குள்ளை?"

தாடியைத் தடவினான்.

"எங்கையிருந்து எங்கை?"

"துறைமுகத்திலையிருந்து முகாமுக்கு."

அங்கும் துறைமுகம், இங்கும் துறைமுகம். ஆயுள் முழுக்கப் பெட்டி ஏற்றியிருக்கிறான். உள்ளே என்ன என்று கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்குத்தான் சம்பளம்.

"தமிழ் ஏதும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு சொல்லு."

"சொல்லு பாப்பம்."

தயங்கினான். சுரிந்தர் அவனைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது.

"கையைத் தூக்கு," என்றான். தமிழில். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அவன் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு என் கை உண்மையாகவே கொஞ்சம் எழும்பியது. மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதற்காக அவனை என்றைக்கும் விடமாட்டேன்.

"நான் எந்த ஊரெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். நீங்கள் இஞ்சை குடிவந்த அண்டே அக்கா சொன்னவ. யாழ்ப்பாணமெண்டு."

"பதினொரு வருஷம்."

"என்ன சொல்லுறது?" என்றான்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொன்றோம் என்று சொல்லியிருக்கலாம். கட்டளை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்று சொல்லியிருக்கலாம். பொய்யாவது சொல்லியிருக்கலாம். என் வடையைத் தொடாமல், தேத்தண்ணியோடு குசினிக்குள் ஒளிந்து, பதினொரு வருஷத்தை ஓட்டிவிட்டு, என்ன சொல்லுறது என்று என்னிடமே கேட்கிறான்.

அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தான். நோவா, பழக்கமா என்று தெரியவில்லை. மெல்லச் சொன்னான், "அம்மா வைச்ச பொட்டு. திருப்பி வைச்சால் உதவி."

சுரிந்தர் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விழுந்துவிடுவான் என்பதுபோல. ஒருவனுக்காக இவ்வளவு பயப்பட ஓர் அக்கா. என் அண்ணைக்காக நான் பயப்படவும் நேரம் கிடைக்கவில்லை.

"தைக்கிறன். எப்பிடித் தைக்கிறதெண்டு நான்தான் முடிவெடுப்பன்," என்றேன்.

சுரிந்தர் உடனே தலையாட்டினாள். பொட்டு வந்தால் போதும் என்று.

நான் நிரப்பிய மஞ்சளைப் பிரித்தேன். கறுப்பு நூலைக் கோத்தேன். துணியைத் திருப்பிப் பின்பக்கம் போட்டேன். இழை எண்ணினேன். ஏழாம் வாசலில் நிற்கிற ஆளின் நெஞ்சில், பொட்டு இருந்த அதே இடத்தில், நேராக ஒரு தையல். அம்மா. பக்கத்தில் அதைவிட நீளமாக அண்ணை. அண்ணி. றோசலின். கடைசியில் மூன்றே இழையில் ஒன்று. ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டேன். திருப்பிப் பார்த்தேன். ஐந்து கறுப்புக் கோடு. சின்னதும் பெரியதும் கோணலுமாக. தொழிற்சாலையில் இது என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் பிரித்திருப்பேன்.

துணியைக் கொண்டுபோய் சுரிந்தரின் மேசையில் விரித்தேன். அவள் தடவினாள்.

"பொட்டு ஒண்டுதான் வைக்கிறது."

"எனக்கு அஞ்சு."

"திரேசா, இது என்ரை அம்மான்ரை துணி. என்ரை அம்மான்ரை நேர்த்தி. உன்ரை ஆக்களை இதிலை வைக்கிறது சரியில்லை."

"உன்ரை தம்பியை எங்கடை ஊருக்கை கொண்டுவந்து வைச்சது சரியோ?"

"அவன் கேட்டோ வந்தவன்?"

"என்ரை ஆக்கள் கேட்டோ செத்தவை?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. பிரிக்கும் கத்தியை எடுத்துத் துணியின் மேல் வைத்தேன்.

"பிரிக்கிறதெண்டால் நீயே பிரி. பிரிச்சுப்போட்டு ஒரு பொட்டு வைச்சுக்கொண்டு போ. எனக்குச் சொல்லவேண்டாம்."

வந்துவிட்டேன். ஒரு பொட்டு வைக்க நல்ல கண் தேவையில்லை. தடவியே வைக்கலாம். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சித்திரை. பனி கரைந்து தெருவெல்லாம் பனிக்காலத்தில் கொட்டிய மண்ணும் சரளையும். வைசாக்கிக்கு வரச்சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. போனேன். இரண்டு பஸ் மாறி. சப்பாத்தைக் கழற்றி, பூசைக்குப் போடுகிற முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கம் கடைசியில் போய் இருந்தேன். பஞ்சாபிப் பெண்கள் தள்ளி இடம் தந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

சுரிந்தர் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனாள். இரண்டு பேர் முனை பிடித்து விரித்தார்கள். வாசல்கள் மினுங்கின. நான் வரிசை எண்ணினேன். இரண்டு. வாசல் எண்ணினேன். எனக்கு முன்னால் இருந்தவளின் தலை மறைத்தது. எழும்பி நின்றேன். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நிற்கட்டும்.

இருந்தது. ஐந்தும் இருந்தது.

அவர்களிடம் ஒரு முறை உண்டு. காணிக்கை கொடுக்கும்போது அது எதற்காக என்று பிரார்த்தனையில் எல்லோர் காதிலும் விழச் சொல்லுவார்கள். வேதம் வாசிக்கிறவர் சுரிந்தர் பக்கம் குனிந்து கேட்டார். அவள் சொன்னாள். நீட்டிச் சொன்னாள். அவர் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு எல்லோரும் எழும்பிக் கைகூப்ப, உரத்துச் சொன்னார். எனக்குப் பஞ்சாபி தெரியாது. மூன்று சொல் விளங்கியது. பல்பீர். லங்கா. பஞ்ச். பஞ்ச் என்றால் ஐந்து. தொழிற்சாலையில் சுரிந்தர் உடுப்புக் கட்டுகளை எண்ணுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்.

பல்பீர் பின்னால், சப்பாத்து வைக்கிற இடத்துக்குக் கிட்ட நின்றான். எல்லோரும் நெற்றி நிலத்தில் பட விழுந்து எழும்பினார்கள். அவன் எழும்ப நேரம் எடுத்தது. அழுதானா, முழங்கால் நோவா என்று தெரியாது. பார்க்கப் போகவில்லை. சுரிந்தர் என்னிடம் வந்தாள். கையில் ஒரு பொட்டலம் வைத்தாள். பிரிக்கும் கத்தி. கடுதாசியில் சுற்றியிருந்தது.

ஒப்பரேஷன் சரிவந்தது. அவன் சுகமாக வீடு திரும்பினான். இரண்டாம் தடவை.

மன்னித்துவிட்டீர்களா அம்மா என்று ஷாலினி கேட்டாள். இல்லை. சுரிந்தரின் றொட்டியை இப்போது எடுத்துச் சாப்பிடுகிறேன். அது வேறு விஷயம். அவனை மன்னிக்கவில்லை. அவனை அனுப்பியவர்களை மன்னிக்கவில்லை. எழுதவேண்டாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன எங்கள் ஆளையும் மன்னிக்கவில்லை.

குருத்துவாராவில் ஐந்து என்று சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. சுரிந்தருக்குப் பெயர் தெரியாது, நான் அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இதற்காகத்தான் எழுதினேன்.

ஞானம்மா. என் அம்மா. ஐம்பத்திமூன்று வயது. வைத்த நேர்த்தியை ஒரு நாளும் தவறவிடாதவ.

அன்ரன். அண்ணை. படலையில் நின்றவன். நான் கிடந்தேன், அவன் கிடக்கவில்லை.

ஜெயராணி. அண்ணி. ஆறு வருஷம் காத்திருந்து பெற்றவ.

றோசலின். தங்கச்சி. பன்னிரண்டு வயது. கொடி ஆட்டினவள்.

ஸ்ரெலா. எட்டு மாதம். இரண்டு பல்லு முளைத்திருந்தது.

ஒரு வீடு. அண்ணையின் சைக்கிள். அம்மாவின் பின்னல் ஊசி. தோய்த்துக் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு ஒன்று. அது பீடத்துக்குப் போகவில்லை, பிள்ளையோடு குழிக்குப் போனது.

மிஞ்சியது நான்.

மொன்றியலில் ஒரு குருத்துவாராவில் அந்தச் சிவப்புத் துணி இருக்கிறது. இரண்டாம் வரிசை, ஏழாம் வாசல். நூல் நிறம் மாறியிருக்கும். தையல் கோணியிருக்கும். நல்ல கண் உள்ள ஒருத்தி என்றாவது அதைப் பார்ப்பாள், கை துறுதுறுக்கும். அது பிழையில்லை. பிரிக்கவேண்டாம்.